நாலால் பெருக்கியவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்; நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் முதலெழுத்தோடு சொல்வேன். எழுதினால் எங்கள் பக்கத்து ஆள் யாராவது வாசித்துவிட்டு, "அட, அவரா? தங்கமான மனுசன்" என்று சொல்லக்கூடும். அதைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. 'அவர்' என்று மரியாதையாக எழுதுவதுகூடக் கசக்கிறது. பழக்கதோஷம், விட முடியவில்லை.

முகாமில் எல்லோரும் அவரை ஐயா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் நாலாம் வாய்பாடு. மெலிந்த உடம்பு, தோய்த்து மடித்த வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பென்சில்கள். பேனையை அவர் நம்பமாட்டார். மழை பட்டால் மை கரையும், பென்சில் கரையாது என்பார். நெல் களஞ்சியம் ஒன்றில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். நகரத்துக்குள்ளே, புளியந்தீவில் சொந்த வீடு. கடலும் அந்த வீட்டுக்குள் வரவில்லை, ஷெல்லும் வரவில்லை. அகதி முகாம்களில் இடாப்பு, அதாவது பெயர்ப் பதிவேடு, எழுதச் சம்பளம் இல்லாமல் தானாகவே வந்து குந்தினார். அவர் வந்திருக்கவே கூடாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அவருக்கு ஒரே ஒரு வியாதி. எந்தக் காலத்தைச் சொன்னாலும் அதைக் கிழமையாக, வாரக் கணக்காக, மாற்றாமல் விடமாட்டார்.

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஒண்டரை, ஐயா."

"ஒண்டரை எண்டா பதினெட்டு மாசம். பதினெட்டு நாலு எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு கிழமை."

இதை மனதுக்குள் போடமாட்டார். வாய்விட்டுச் சொல்லி, எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்து, அதன் பிறகுதான் எழுதுவார். பெருக்கி முடித்ததும் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். வீடு போய், வள்ளம் போய், ஆள் போய் நிற்கிற சனத்துக்கு முன்னால் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கிறபோது பென்சிலைப் பிடுங்கி ஒடிக்க வேண்டும்போல் இருக்கும்.

ஏன் கிழமை என்று நான் ஒருமுறை கேட்டேன். அதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. "லொறி கிழமைக்கு ஒருக்கா வருது. டொக்டர் கிழமைக்கு ஒருக்கா வாறார். கந்தோருக்கு அறிக்கை கிழமைக்கு ஒருக்காப் போகுது. மாசத்தை வச்சு நான் என்னத்தைச் செய்ய, தம்பி?" என்றார். கிழமை என்ற அளவில் எனக்கும் கோபம் இல்லை. அந்த நாலில்தான் கோபம்.

நான் அவரை முதலில் கண்டது சுனாமி முகாமில். ஆரையம்பதிக்குத் தெற்கே கடற்கரையோரம் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. ஒரு மெஷின், ஒரு மேசை, ஒரு கண்ணாடி. மூன்றையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. வாவிக் கரைப் பக்கம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாம் வகுப்பு அறைக்கு வெளியே மேசை போட்டு அவர் குந்தியிருந்தார்.

எனக்கு முன்னால் வரிசையில் நின்றவள் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த ஒரு பெண். அவளுடைய ஆண்பிள்ளையைத் தண்ணீர் கையிலிருந்து பறித்திருந்தது. இறந்தவர்களின் விவரத்தையும் அவர்தான் எழுதினார்.

"வயசு?"

"பதினொரு மாசம்" என்றாள்.

"பதினொண்டு நாலு நாப்பத்திநாலு. நாப்பத்திநாலு கிழமை."

அவள் அதோடு நகர்ந்திருக்கலாம். ஆனால் யாரிடமாவது அதைச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. "வாற மாசம் முதலாவது பிறந்தநாள் ஐயா. சட்டைகூட எடுத்து வச்சனான்."

அவர் இடாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "வருசத்துக்கு ஐம்பத்திரண்டு கிழமை. நாப்பத்திநாலு போனா எட்டு. பிறந்தநாளுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடந்திருக்கு, புள்ள" என்றார்.

பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் பிறந்தநாள் தெரியாது என்று ஒரு மனுசன் பென்சிலோடு இருந்து சொல்கிறார். அவள் விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள். எண்ணி எண்ணிப் பார்த்து, தான்தான் பிழைவிட்டுவிட்டேனோ என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கணக்கில் எங்கேயோ உதைக்கிறது என்று எனக்குப் பட்டது. அந்த நாட்களில் யாருக்கும் கணக்குப் பார்க்கிற மூளை இருக்கவில்லை.

அவரை நேருக்கு நேராய்ப் பிடித்தவர் காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் ஒருவர். முகாமுக்குச் சாரமும் சீலையும் மூட்டை மூட்டையாய் இறக்கிக்கொண்டிருந்தவர், மேசையடியில் நின்று இரண்டு மூன்று பதிவுகளைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, பன்னிரண்டு நாலு நாப்பத்தெட்டு. வருசத்துக்கு ஐம்பத்திரண்டு எண்டு நீங்கதான் சொல்றீங்க. மத்த நாலு கிழமையும் எங்க போச்சு? நம்மட மாசம் பிறையைப் பாத்து வாற மாசம். அதுவே இருபத்தொம்பது, இல்லாட்டி முப்பது. இருபத்தெட்டுல ஒரு பிறையும் வந்ததில்ல."

எல்லோரும் சிரித்தோம். ஐயா மட்டும் சிரிக்கவில்லை. பென்சிலை மேசையில் படுக்கவைத்தார்.

"சரி. ஒரு தாய் பிள்ளையை எத்தனை மாசம் சுமக்கிறா?"

"பத்து மாசம்" என்று பெண்கள் பக்கமிருந்து நாலைந்து குரல் வந்தது. வேறென்ன சொல்வார்கள்? எங்கள் வீடுகளில் எல்லோரும் பத்து மாதம் சுமக்கப்பட்டவர்கள்தான்.

"டொக்டர்மார் எத்தனை கிழமை எண்டுறாங்க?"

"நாப்பது."

"நாப்பதைப் பத்தால பிரிச்சா?"

பெண்கள் தலையாட்டினார்கள். நானும் மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன், நாலுதான் வந்தது. தாயை வைத்துச் சொன்ன கணக்கை யார் எதிர்ப்பது? "அது வேற மாசமா இருக்கும் ஐயா" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்காரர் லொறிக்குப் போய்விட்டார். கடைக்காரர் சொன்னதுதான் சரி. வயிற்றில் எண்ணுகிற பத்தும் சுவரில் தொங்குகிற நாட்காட்டியின் மாதமும் ஒன்றல்ல. நாட்காட்டிப்படி அது ஒன்பது மாதமும் ஒரு கிழமையும். அன்றைக்கு அதை எடுத்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு யாரும் அந்த நாலைப் பற்றிக் கேள்வி கேட்கவும் இல்லை.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவர் கள்ளன் இல்லை. ஒரு பருப்புப் பக்கற்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தெரிந்தவன், சொந்தக்காரன் என்று யாரையும் வரிசையில் முன்னால் விடவில்லை. ஒருநாள் பெருமழையில் வகுப்பறைக்குள் தண்ணீர் ஏறியபோது, இடாப்பைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் நனைந்தபடி நின்றார். அன்றிரவே அவருக்குக் காய்ச்சல், அடுத்தநாள் காய்ச்சலோடு வந்து குந்தினார். கள்ளனாக இருந்திருந்தால் அவரை லேசாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இந்த நேர்மைதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அந்த இடாப்பைக் காத்த கவனத்தில் கால் பங்கை எதிரே நிற்கிற சனத்தில் வைத்திருக்கலாம்.

சுனாமிக்கு அடுத்த வருடம் நான் பழுகாமத்தில் கல்யாணம் முடித்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். கடற்கரையை விட்டு வாவிக்கு மேற்கே, வயல் ஊருக்குப் போனேன். சறோ என் மனைவி. அவளுடைய தாயை நான் மாமி என்பேன். மாமியின் பழைய தையல் மெஷினில் திரும்பத் தைக்கத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு ஆடி கழிந்து கொஞ்ச நாளில், சறோ நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாள்.

பிள்ளை வயிற்றில் எட்டு மாதம் ஆகப்போகிற நேரம் ஷெல் விழத் தொடங்கியது. எங்கள் மேற்குக் கரையான படுவான்கரைச் சனம் முழுக்கக் கிழக்கே ஓடியது. நாங்கள் ஒரு தோணியில் வாவியைக் கடந்தோம். மாமி அரிசிப் பானையைக் கொண்டுவந்தாள், நான் மெஷினின் தலையை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தேன். சறோவின் கிளினிக் காட் கூரைச் சிலாகையில் செருகியபடி கிடந்துவிட்டது. அதில்தான் திகதி எல்லாம் இருந்தது. பாதி வாவியில்தான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. "போய் எடுப்பமா?" என்று கேட்டாள். தோணிக்காரன் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அக்கரையில் தறப்பாள் கொட்டில்கள் வரிசையாய். வாசலில் மேசை. மேசையில் அவர்.

"தம்பியா? கடலுக்கும் வந்தீங்க, இதுக்கும் வந்திட்டீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். "புள்ளைக்கு எத்தனை மாசம்?"

சறோ மெல்லிய குரலில் தொடங்கினாள். "ஆடி அமாவாசைக்கு மூண்டு நாளைக்கு முதல் ஐயா... மாமாங்கக் கோயிலுக்குப் போகேலாமப் போச்சு, அதால நல்லா ஞாபகம் இரிக்கி..."

பின்னால் இருநூறு பேர் வெயிலில் நின்றார்கள். கடைசியாகத் தீட்டு வந்த நாளைப் பற்றி அந்நிய ஆண்களுக்கு முன்னால் அவள் அவ்வளவு சொன்னதே பெரிது. அவர் கையை உயர்த்தினார். "கதை வேணாம் புள்ள. மாசத்தைச் சொல்லுங்க."

"எட்டு முடியுது" என்றேன் நான். அதைச் சொன்னவன் நான்தான். அந்த வாயை எத்தனையோ தடவை நானே திட்டியிருக்கிறேன்.

"எட்டு நாலு முப்பத்திரண்டு" என்றார். எழுதினார்.

அந்த முகாமில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அடுத்தநாள்தான் விளங்கியது. முகாமை விட்டு யாரும் நினைத்தபடி வெளியே போக முடியாது. வாசலில் சென்றி, ஆமிக் காவல். புதன்கிழமைகளில் ஒரு வான் வரும். பட்டியலில் பெயர் உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும். கர்ப்பிணிகள் முப்பத்தெட்டாம் கிழமை தொட்டதும் பட்டியலில் ஏறுவார்கள். ஆஸ்பத்திரியில் தங்கிப் பெற்றுக்கொண்டு வரலாம். அந்தப் பட்டியலை எழுதுகிறவர் அவர். காட் இல்லாதவர்களுக்கு அவருடைய இடாப்புத்தான் காட். இடையில் ஒருதடவை வந்த மிட்வைஃப் மிஸ்ஸுக்கு அன்று பார்க்க நூறு பேர். சறோவின் வயிற்றைத் தொட்டுவிட்டு, "கொஞ்சம் பெரிசாத்தான் இரிக்கி" என்றாள். இடாப்பைப் பார்த்தாள். அடுத்த கொட்டிலுக்குப் போனாள்.

சித்திரை வருடப்பிறப்பு முகாமிலேயே கழிந்தது. யாரோ கொடுத்த கோயில் நாட்காட்டி ஒன்று கைக்கு வந்தது. பழைய வருடத்தினுடையதைப் பக்கத்துக் கொட்டில்காரர் வைத்திருந்தார். ஒரு புதன்கிழமை காலையில் இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு, ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் முந்தியதிலிருந்து ஒவ்வொரு கட்டமாய் விரல் வைத்து எண்ணினேன். இருநூற்று எழுபது நாள். ஏழால் பிரித்தேன். முப்பத்தெட்டுக் கிழமையும் நாலு நாளும். திரும்ப எண்ணினேன். அதேதான் வந்தது.

இரண்டு நாட்காட்டியையும் தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடினேன்.

"ஐயா, சறோவுக்கு முப்பத்தெட்டு தாண்டிட்டு. இண்டைக்கே ஏத்தணும்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். "என்ர இடாப்பில முப்பத்தாறு."

"எண்ணிப் பாருங்க. நாள் நாளா எண்ணினனான்."

"இப்ப எத்தனை மாசம் எண்டு சொல்லுங்க."

"ஒன்பது."

"ஒன்பது நாலு?"

நான் நாட்காட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

"முப்பத்தாறு. அண்டைக்கு முப்பத்திரண்டு எண்டு எழுதினன், நாலு கிழமை போயிட்டு, முப்பத்தாறு. ரெண்டு வழியால வந்தாலும் ஒண்டுதான் வருது. உங்கட எண்ணிக்கைதான் எங்கயோ பிசகுது தம்பி. ஆம்பிளைகளுக்கு இந்த நேரத்தில பதட்டம் வரும்." என் நாட்காட்டியை அவர் தொட்டும் பார்க்கவில்லை.

அவரைக் கையைப் பிடித்து இழுத்து, கட்டம் கட்டமாய்க் காட்டியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்கலாம், அதில் என்ன குறை? நான் கொட்டிலுக்குத் திரும்பி மாமியிடம் கேட்டேன்.

"ஒன்பதுதானே மகன் ஆகுது" என்றாள் மாமி. "பத்து மாசம் கிடக்கணும். நான் மூண்டு பெத்தனான், எனக்குத் தெரியாதா? ஐயா சரியாத்தான் சொல்லுறார்."

அவ்வளவுதான். ஐயாவும் சொல்கிறார், மாமியும் சொல்கிறாள். நான் எண்ணியதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சறோ மட்டும் சொன்னாள், "நீங்க எண்ணினதுதான் சரி. எனக்குத் தெரியுது." அவள் பேச்சை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். கேவலமான யோசனை. யோசித்தேன்.

அடுத்த புதன்கிழமை இடாப்பில் முப்பத்தேழு. திரும்பப் போய்க் கேட்டேன். "ஒரு கிழமைதானே தம்பி, பொறுங்க. உங்களுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்" என்றார். வான் புறப்பட்டது. அதில் இரண்டு இருக்கை வெறுமையாய் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இவ்வளவு காலம் கழித்தும் எனக்கு ஆத்திரம் வருவது அந்த இரண்டு இருக்கையை நினைத்துத்தான். இடம் இல்லை என்றிருந்தால் பொறுத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை சறோவுக்குப் பிரசவ நோ கண்டது. வெள்ளியில் அவர் முகாமுக்கு வருவதில்லை, வீட்டில் விரதம். சென்றியில் நின்ற ஆமிக்காரப் பெடியன் பட்டியலையும் இடாப்பின் பிரதியையும் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "பேர் இல்ல. முப்பத்தேழு" என்றான். அவன் கெட்டவன் இல்லை. சறோவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் யார் யாரிடமோ கேட்டான். அனுமதி வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. ஓட்டோவில் ஏற்றினோம். வழியில் இன்னும் இரண்டு சோதனைச் சாவடி. இரண்டாவதைத் தாண்டியதும் பிள்ளை ஓட்டோவிலேயே பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. மாமி தன் சீலைத் தலைப்பால் பிள்ளையைத் துடைத்துத் துடைத்து, "அழு மகள், அழு மகள்" என்றாள். அது அழவில்லை. முனகியது.

பெண்பிள்ளை. மூன்று கிலோவும் இருநூறு கிராமும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரை இருந்தது.

டொக்டர் இளம் ஆள். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "பிள்ளை முழு வளர்ச்சி. நாப்பது கிழமைக்குக் கிட்ட. வலி வரமுதல் இஞ்ச இருந்திருந்தா நாங்க பாத்திருப்பம்."

முகாமுக்குத் திரும்பிய அன்று அவர் எங்கள் கொட்டிலுக்கு வந்தார். அவ்வளவு நாளில் அவர் ஒரு கொட்டிலுக்குள் வந்தது அன்றுதான். இடாப்பும் கையில் இருந்தது. மாமி பாயைப் போட்டாள். அவர் குந்தவில்லை.

"கேள்விப்பட்டன் தம்பி. மனசு சரியில்ல." இடாப்பை விரித்து, "இதையும் பதியணும். எத்தனை நாள் இருந்தது?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள்."

வழக்கமாக வாய்விட்டுப் பெருக்குகிறவர், அன்று ஒன்றும் சொல்லாமல் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். வயது என்ற நிரலில், கிழமை என்று போட்டு, அதற்கு முன்னால் ஒரு பூச்சியம். குறிப்பு என்ற நிரலில் 'குறைமாதம்'.

"என்ன ஐயா எழுதியிரிக்கிறீங்க? முழு மாசம் எண்டு டொக்டர் சொன்னவர். மூண்டு கிலோவுக்கு மேல."

"இடாப்பில முப்பத்தேழு தம்பி. அதுக்கு வேற மாதிரி எழுதேலாது. குறைமாசப் பிள்ளைகள் சிலது தங்காது. ஆரையும் நோகாதீங்க."

இடாப்பைப் பறித்து வெளியே சேற்றில் எறிந்தேன். அவரைப் பிடித்துத் தள்ளினேன். விழுந்தார். ஆட்கள் ஓடிவந்து என்னைப் பிடித்தார்கள். "வயசான மனுசனில கை வைக்கிறதா?" என்று என்னைத்தான் ஏசினார்கள். அவர் எழுந்து, சேற்றிலிருந்து இடாப்பை எடுத்து, ஒவ்வொரு தாளாய்ச் சாரத்தில் ஒற்றினார். பென்சில் எழுத்து ஒன்றும் அழியவில்லை. தள்ளியதற்காக நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை.

இரண்டு வருடம் கழித்து, வன்னியில் சண்டை முடிந்த ஆண்டு, நான் புளியந்தீவில் கச்சேரி என்கிற அரச அலுவலகத்துக்குக் கிட்ட ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்தேன். மத்தியானம் வரை படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. அந்த மாதங்களில் வந்தவை பெரும்பாலும் ஒரே மாதிரிப் படிவங்கள். ஆளைக் காணவில்லை, எங்கே கடைசியாகக் கண்டது, யார் கண்டது, எவ்வளவு காலம்.

ஆவணி வாக்கில் ஒரு காலை, வரிசையில் அவர் நின்றார். சட்டை தோய்த்திருந்தது, மடிக்கப்படவில்லை. என்னை அடையாளம் கண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் படத்தை மேசையில் வைத்தார்.

"மகள். வன்னியில கல்யாணம் முடிச்சவ. தைப்பொங்கலண்டு விசுவமடுவில கண்டதா ஒராள் சொன்னவர். மறுகா ஒரு தகவலும் இல்ல."

பெயர், பிறந்த திகதி, கணவன் பெயர் எல்லாம் எழுதினேன்.

"எவ்வளவு காலம்?"

"ஏழு மாசம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "ஏழு நாலு இருபத்தெட்டு. இருபத்தெட்டுக் கிழமை எண்டு போடுறன்" என்றேன்.

"இல்லத் தம்பி" என்றார் உடனே. "முப்பது கிழமையும் ரெண்டு நாளும்."

நான் பேனையை வைத்தேன். மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு நாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பெற்ற பிள்ளை என்றதும் மாதத்துக்குள் ஒளிந்து கிடந்த நாட்களெல்லாம் அவருக்கு வெளிச்சமாய்த் தெரிந்துவிட்டன.

"மாசம் எண்டா நாலு கிழமைதானே ஐயா?"

அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். வாய் அசைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்கட பிள்ளைக்கு முப்பத்தொன்பது கிழமையும் ஆறு நாளும். அந்தப் புள்ள ஆடி அமாவாசை எண்டு சொன்னவ. எண்ணிப் பாத்தனான்."

"எப்ப எண்ணினீங்க?"

"நீங்க என்னைத் தள்ளின அண்டைக்கு. வீட்ட போய்."

"இடாப்பில மாத்தினீங்களா?"

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். "அதை மாத்தினா எல்லாரையும் மாத்தணும் தம்பி. அறிக்கை போயிட்டு."

அவரை அடிக்க எனக்குத் தோன்றவில்லை. என் பிள்ளை குறைமாதம் இல்லை என்று இந்த உலகத்தில் இன்னொரு ஆளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இரண்டு வருடம் நித்திரை கொண்டிருக்கிறார். சறோவிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன்னுடைய உடம்புதான் பிள்ளையைத் தாங்கவில்லை என்று அவள் அழுத அழுகைக்கு அது ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

பேனையை எடுத்து, அவர் சொன்னபடியே எழுதினேன். முப்பது கிழமை, இரண்டு நாள். கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினேன். வைத்தார். படிவத்தை எடுத்துக்கொண்டவர் போகவில்லை. படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து, வெளியே எடுத்து, திரும்ப வைத்தார்.

"தம்பி, நீங்க எவ்வளவு படிவம் எழுதியிருப்பீங்க. இப்பிடிப் போன ஆக்கள் ஆரும் திரும்பி வந்திரிக்கிறாங்களா? மகள் வருவாளா?"

வந்திருக்கிறார்கள். அதற்கு முந்திய கிழமைதான் ஏறாவூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி, மகன் வவுனியாவில் ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறான் என்று எங்கள் கடைக்கே வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாய் வந்ததும் உண்மை.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் படிவத்தோடு நின்றாள். அவளைப் பார்த்து, "நீங்க வாங்கக்கா" என்றேன்.